கோட்டின் எட்டாவது பை

கறுப்புக் கோட்டு இன்ஸ்பெக்டரின் மேஜை மேல் கிடந்தது. பக்கத்தில், அதன் உள்ளேயிருந்து எடுத்த சாமான்கள். விரல் அளவு டார்ச். தட்டையான விசில். ரத்தப்போக்கை நிறுத்தக் கட்டும் பட்டை. சீட் பெல்ட்டை அறுக்கும் சின்னக் கத்தி. சர்க்கரை மாத்திரை. கண்ணாடி உடைக்கும் ஆணி. எல்லாமே தட்டையானவை, மெலிந்தவை, சத்தம் போடாதவை.

"இவ்வளவும் இதுக்குள்ளயா?" என்றான் சில்லறை. "என் கோட்டுல என்னை வெச்சாலே பட்டன் தெறிக்குது."

லென்ஸ் கோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அவள் தனியார் துப்பறிவாளர். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அந்தப் பெயர். சில்லறை அவளுடைய உதவியாள். எதற்கும் ஒரு வார்த்தை எடுத்து வீசுவான் என்பதால் அந்தப் பெயர். அவள் கோட்டின் உள்புறத்தைத் திருப்பினாள். ஏழு பைகள். உள்துணியின் நிறத்திலேயே நூல். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மேடுகூடத் தெரியாது. விருந்துகளில் முதலாளியின் பின்னால் நிற்கிறவன் ஆஸ்பத்திரிப் பெட்டி மாதிரித் தெரியக் கூடாது.

வழக்கு சிக்கலானதல்ல. இறந்தவர் அச்சு மை தயாரிக்கும் ஒரு கம்பெனியின் முதலாளி. பெரியவர் என்பார்கள். வேர்க்கடலை அவருக்கு ஆகாது. ஒரு துளி உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதற்கு மருந்து பேனா மாதிரி ஒரு ஊசியில் வருகிறது. தொடையில் வைத்து அழுத்தினால் போதும். அதைச் சுமப்பது அவருடைய மெய்க்காவலரின் வேலை. அவரை ஆபீஸில் நிழல் என்று கூப்பிடுவார்கள்.

கம்பெனி விருந்தில் பெரியவர் கேக் சாப்பிட்டார். மாவில் கடலைத்தூள் கலந்திருந்தது பேக்கரியின் கவனக்குறைவு; அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தொண்டை கனத்ததும், விருந்தினர்கள் முன்னால் ரகளை வேண்டாம் என்று நிழலைக் கூட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கினார். பாதியில் கரண்ட் போனது. கதவை நெம்பித் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. தரையில் ஒரு ஊசிப் பேனா கிடந்தது. அது பழகிப் பார்ப்பதற்கான பேனா. ஊசியும் கிடையாது, மருந்தும் கிடையாது.

அசல் பேனா நிழலின் இந்தக் கறுப்புக் கோட்டிலேயே இருந்தது.

"வலது வெளிப் பையில," என்றார் இன்ஸ்பெக்டர். "நல்ல ஊசியை இங்க ஒளிச்சு வெச்சுக்கிட்டு, டம்மியை எடுத்துக் குத்தியிருக்கான். கொலைதான், மேடம்."

"எதுக்கு?"

"பெரியவருக்கு ஒரு விளையாட்டு உண்டு. நாலு பேர் இருக்கும்போது திடீர்னு 'ஊசி!'ம்பார். இவன் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள இடது உள் பையிலேர்ந்து எடுத்து நீட்டணும். போன தடவை இவன் தடுமாறிட்டான். 'உனக்குப் பதிலா ஒரு கோட்டு ஸ்டாண்டு வாங்கி வெச்சுக்கலாம்'னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். அடுத்த மாசத்தோட கிளம்பிடுன்னும் சொல்லிட்டார்."

"ஏன் தடுமாறினார்?"

"தோள்பட்டை. இங்க சோதனை போடும்போது கையைத் தூக்குன்னேன். வலது கை பாதி வரைக்கும்தான் வந்துச்சு. அதுக்கே முகம் கோணிடுச்சு."

சில்லறை கோட்டைக் கையில் எடுத்து இடது வெளிப் பைக்குள் விரலை விட்டான். விரல் போகவில்லை. மூடிக்குக் கீழே பை வாய் நூலால் தைக்கப்பட்டிருந்தது.

"முதலாளிங்க மனசு மாதிரி இருக்கு மேடம். பார்த்தா பை, உள்ள போக வழியில்ல."

"புதுக் கோட்டு இப்படித்தான் வரும்," என்றாள் லென்ஸ். "வாங்கினவங்க நூலைப் பிரிச்சுக்குவாங்க. இவர் பிரிக்காம விட்டிருக்கார். வெளிப் பையில எதையாவது போட்டா கோட்டு தொங்கிப் போயிடும். அவருக்கு ஏழு பை போதும்."

வலது பையின் ஓரத்தைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனாள். ஊசி ஏறி இறங்கிய துளைகள் மட்டும் இருந்தன. நூல் இல்லை. துணியில் ஒரு கீறல்கூட இல்லை.

"லிஃப்ட் கதவு திறந்ததும் அவர் ஏதாவது சொன்னாரா?"

"கத்தினான். 'அசல் வீட்டுல இருக்கு, இழுப்பறையில இருக்கு, யாராவது ஓடுங்க'ன்னு. நல்ல நடிப்பு."

"இங்க வந்தப்புறம்?"

"வந்ததும் விடாம பேசினான். எல்லாம் என் தப்பு, மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன்னு. நான் கோட்டைத் தடவி அந்தப் பேனாவை எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரா காட்டினேன். அதோட மூடின வாய்தான்."

லென்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் யோசிக்கும்போது செய்வது அது ஒன்றுதான்.

வெளியே பெஞ்சில் நிழலின் மனைவி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் பள்ளிச் சீருடை தைக்கிறவள். லென்ஸை இந்த வழக்குக்கு அழைத்தவள் அவள்தான்.

"ஏதாவது தெரிஞ்சுதா மேடம்?"

"கொஞ்சம். நீங்க வீட்டுக்குப் போங்க. நாங்க வரோம்."

"அவர் செய்யல," என்றாள். அழைத்த நாளிலிருந்து அவள் அதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தைச்ச பையை யாரோ திறந்திருக்காங்க," என்றாள் லென்ஸ், காரில் ஏறியதும். "நிழலுக்குத் தெரியாம. அதான் வீட்டுல இருக்குன்னு கத்தினார். கையில டம்மி வந்தா அசல் வீட்டுலதானே இருக்கணும்? அப்புறம் அவர் தேடவே இல்ல."

"அப்ப யாரோ அப்புறமா செருகியிருக்கான். கோட்டு யார் கையில இருந்துச்சு?"

"பெரியவரோட தம்பி கையில, ஆஸ்பத்திரி வரைக்கும். இன்ஸ்பெக்டர் சொன்னார்."

"பெரியவர் போனா நாற்காலி யாருக்கு?"

"தம்பிக்கு."

"வண்டியைத் திருப்பறேன்," என்றான் சில்லறை. "கேஸ் முடிஞ்சா மத்தியானம் வீட்டுல சாப்பிடலாம்."

தம்பியைக் கம்பெனியில் சின்னவர் என்றார்கள். தலை முழுக்க நரைத்த சின்னவர். அண்ணனின் அறை பூட்டியிருந்தது. அவர் தன் பழைய அறையிலேயே, மை நிறங்களைக் காட்டும் சாயல் அட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணில் நீலம்.

"கதவைத் திறந்ததும் என்ன பார்த்தீங்க?" என்றாள் லென்ஸ்.

"அண்ணன் படுத்திருந்தார். முகம் எனக்கு அடையாளம் தெரியல. அவ்வளவு வீங்கியிருந்துச்சு." சின்னவர் ஒரு சாயல் அட்டையை எடுத்துத் திரும்ப வைத்தார். "அந்த ஆள் சட்டையோட இருந்தான். விரலெல்லாம் ரத்தம். கதவு இடுக்குல விரலை விட்டு இழுத்திருக்கான். கோட்டைச் சுருட்டி அண்ணன் தலைக்கு அடியில வெச்சிருந்தான்."

குறிப்பெழுதிக்கொண்டிருந்த லென்ஸின் பேனா நின்றது. "தலைக்கு அடியிலயா?"

"ஆமா. தூக்கும்போது நான்தான் உருவி எடுத்தேன். ஆஸ்பத்திரி வரைக்கும் மடியில கிடந்துச்சு. யாருடையதுன்னு யோசிக்கக்கூட இல்ல. அப்புறம் போலீஸ்காரர் வாங்கிக்கிட்டார்."

"வலது வெளிப் பையை நீங்க திறந்தீங்களா?"

"என்ன பை?"

"சார், உங்ககிட்ட கத்தி, பிளேடு ஏதாவது இருந்துச்சா?" என்று சில்லறை குறுக்கே புகுந்தான்.

சின்னவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படவில்லை. போனை எடுத்துத் தேடினார். "விருந்து ஆரம்பத்துல எடுத்தது. அண்ணனோட கடைசிப் படம். இதுல ஏதாவது தெரியுதான்னு பாருங்க. எனக்கு அண்ணன் மட்டும்தான் தெரியுது."

படத்தில் பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் நிழல், முகத்தில் எதுவும் இல்லாமல். லென்ஸ் அவருடைய இடுப்பைப் பெரிதாக்கினாள். இடது பையின் மூடி துணியோடு ஒட்டிக் கிடந்தது. வலது பையின் மூடி ஒரு நூலளவு எழும்பியிருந்தது. உள்ளே எதுவோ இருந்தது.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "மன்னிச்சுக்கங்க. உங்களைத் தொந்தரவு பண்ணிட்டோம்."

"அவனை விட்டுடுவாங்களா?" என்று கேட்டார் சின்னவர். "அந்த விரலைப் பார்த்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல."

கார் நகர்ந்தது. சில்லறைக்கு மனசு ஆறவில்லை. "ஆள் கைக்கு வந்து நழுவிட்டார் மேடம். விருந்துக்கு வரும்போதே பை திறந்திருக்கு. அப்ப லிஃப்டும் இல்ல, ஆஸ்பத்திரியும் இல்ல."

"நீ கொலைகாரன்னு வெச்சுக்க. அசல் பேனாவை எடுத்துட்டு டம்மியை வைக்கிற. அசலை என்ன பண்ணுவ?"

"சாக்கடையில போடுவேன்."

"இங்க அது அதே கோட்டுல இருக்கு. கையைத் தொங்கவிட்டா விரல் படற இடத்துல. தோள் வலிக்கிற மனுஷன் கையை மடக்கி இடது நெஞ்சுக்குள்ள விட வேண்டியதில்ல. 'ஊசி!'ன்னதும் எடுத்து நீட்டலாம்."

"சரி. அப்ப டம்மி எதுக்கு? உள் பையைக் காலியா விட்டிருக்கலாமே."

லென்ஸ் இரண்டு உள்ளங்கைகளையும் தராசு மாதிரி நீட்டினாள். "ஸ்டேஷன்ல ரெண்டையும் தூக்கிப் பார்த்தேன். ஒரே எடை. இடது பக்கம் இருந்தது வலது பக்கம் போனா கோட்டு சாயும். அவர் ஏழு பையிலயும் எடை பார்த்துப் பார்த்துப் பிரிச்சு வெச்சிருக்கார். அது கெடக் கூடாதுன்னு யாரோ இடது பக்கம் அதே எடையில ஒண்ணு வெச்சிருக்காங்க. கொலை பண்ண வந்தவனுக்குக் கோட்டு தொங்குற அழகைப் பத்தி என்ன கவலை?"

சில்லறை சிரித்தான். "தையலைத் தழும்பு இல்லாம பிரிச்சு, வலிக்கிற கைக்குப் பக்கத்துல மருந்தை வெச்சு, கோட்டு சாயாம பார்த்துக்கிட்டு... இப்படி ஒரு கொலைகாரி கிடைச்சா நான் கண்ணை மூடிட்டுக் கட்டிக்குவேன் மே..."

அந்தச் சொல் முடியவில்லை. அவன் காரை ஓரமாக நிறுத்தினான்.

"மேடம், வேற யாராவதா இருக்கக் கூடாதா?"

"வண்டியை எடு," என்றாள் லென்ஸ்.

நிழலின் வீடு சின்னது. ஜன்னலோரம் தையல் மெஷின். கயிற்றில் சீருடைச் சட்டைகள், எல்லாம் ஒரே நீலம், தலையில்லாத ஆட்கள் வரிசையில் நிற்பது போல. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நிழலின் மனைவி ஒரு காலரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சிறிய கொக்கி நூலின் அடியில் நுழைந்தது, தூக்கியது, வெட்டியது. துணி நோகவில்லை. அவள் நிமிர்ந்து லென்ஸின் முகத்தைப் பார்த்தாள். கொக்கியைக் கீழே வைத்தாள்.

"கண்டுபிடிச்சுட்டீங்க," என்றாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும். அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?"

"பார்க்க விட்டாங்க ஒரு தடவை. போலீஸ்காரர் கொஞ்சம் தள்ளி நின்னார். இவர் காதோட சொன்னார், கோட்டைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாதுன்னு. பாப்பா மேல சத்தியம் பண்ணச் சொன்னார். பண்ணிட்டேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நீங்களா கண்டுபிடிச்சா நான் சொன்னதா ஆகாதுன்னு நினைச்சேன். சொல்லுங்க மேடம். நான் கேட்டுக்கறேன்."

லென்ஸ் நின்றபடியே சொன்னாள். தோள் வலி. பெரியவரின் விளையாட்டு. வேலை போகப் போகிற பயம். விருந்தில் அவர் மறுபடி 'ஊசி!' என்பார் என்று இவளுக்குத் தெரியும். இந்தத் தடவை கணவன் தடுமாறக் கூடாது. கோட்டை இஸ்திரி போடும்போது வலது பையைப் பிரித்தாள். அசலை அங்கே வைத்தாள். கோட்டு சாயாமலிருக்க இழுப்பறையிலிருந்த டம்மியை உள்ளே வைத்தாள்.

"அவர்கிட்ட சொல்ல மறந்துட்டீங்க."

"மறக்கல," என்றாள் அவள் உடனே. அது ஒன்றுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. "கிளம்பும்போது சொல்லணும்னுதான் இருந்தேன். கையைப் பிடிச்சு அந்தப் பையில வெச்சுக் காட்டணும்னு இருந்தேன். கார் சாயங்காலம்தான் வரும்னாங்க. முன்னாடியே வந்துடுச்சு. நான் தலைக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தேன். கதவுக்கு வெளிய நின்னு 'வரேன்'னார். நானும் 'சரி'ன்னேன். அப்புறம் போன் பண்ணினேன். விருந்துன்னா போனை அணைச்சுடுவார்."

அவள் வாசலைப் பார்த்தாள்.

"வாசல்ல நின்னு ஒவ்வொரு பையா தட்டிப் பார்ப்பார், மேடம். அன்னைக்கும் தட்டினார். குளியலறையில எனக்குக் கேட்டுச்சு. இடது பக்கமும் தட்டியிருப்பார். உள்ள டம்மி இருந்துச்சே. நான் காலியா விட்டிருந்தா, 'ஊசி எங்கடி'ன்னு அப்பவே கத்தியிருப்பார்."

சில்லறை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் ஸ்டேஷன்ல சொல்லியாகணும்," என்றாள் லென்ஸ்.

"சொல்லுங்க. நானும் வரேன்." அவள் பிரித்த காலரை மடித்து வைத்தாள். "பாப்பா வர்றதுக்குள்ள திரும்பிடலாமா?"

இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டார். இடது பையின் தையலை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். வலது பையைப் பார்த்தார். படத்தைச் சின்னவரிடமிருந்து வரவழைத்துப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இதை நான் என்னன்னு எழுதறது?"

"நடந்ததை எழுதுங்க."

"கொலைன்னு எழுத முடியாது." அவருக்குத் தன் மேலேயே எரிச்சல். "அந்தம்மாவை உள்ள வைக்கவும் முடியாது. போங்க, அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க."

லென்ஸும் சில்லறையும் லாக்கப்புக்குப் போனபோது நிழல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பத்து விரல்களிலும் கட்டு. கோட்டு இல்லாமல் அவர் சிறுத்துத் தெரிந்தார், பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவர் மாதிரி.

"பையைத் திறந்தது யார்னு தெரிஞ்சுபோச்சு," என்றாள் லென்ஸ்.

அவர் எழுந்துவிட்டார். "அவ சொன்னாளா?"

"இல்ல. நானா கண்டுபிடிச்சேன்."

"பொய். நான்தான் பிரிச்சேன். நான்தான் வெச்சேன். எங்க வேணா எழுதித் தரேன்."

"இன்ஸ்பெக்டர்கிட்ட பேசியாச்சு. அவங்க மேல வழக்கு வராது. உங்களையும் விட்டுடுவாங்க."

அவர் அதை நம்பக் கொஞ்ச நேரம் ஆனது. நம்பியதும் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"சின்னவர் உங்ககிட்ட எல்லாம் சொன்னாரா?"

"சொன்னார்."

"கோட்டு எங்க இருந்துச்சுன்னும்?"

"ம்."

"மூச்சுக்குத் திணறும்போது தலையைத் தரையில மோதிக்கிட்டே இருந்தார். அதான் கழட்டி வெச்சேன். வெச்சதும், 'என்னய்யா முடிச்சு உறுத்துது'ங்கற மாதிரி காதைத் தடவினார். நான் பட்டன்னு நினைச்சேன்." அவர் நிறுத்தினார். "பையைப் பிரிச்சதுகூட போகட்டும். அது அவர் காதுக்கு அடியிலயே இருந்துச்சுங்கறது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம். அவ தாங்க மாட்டா. எங்கயாவது தூரத்துல கிடந்துச்சுன்னு சொல்லிடுங்க."

லென்ஸ் தலையாட்டினாள். அவள் தொழிலில் இதுவரை யாரும் அவளிடம் பொய் கேட்டதில்லை. எல்லாரும் உண்மையைத்தான் கேட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் முன்பணத்தோடு.

வெளியே வெயில். நிழலின் மனைவி அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். லென்ஸைக் கண்டதும் எழுந்தாள்.

"விட்டுடுவாங்களா?"

"விட்டுடுவாங்க. ஏதோ கையெழுத்து வாங்கறாங்க. இப்ப வந்துடுவார்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு, லென்ஸ் பயந்த கேள்வியைக் கேட்டாள்.

"அந்த நேரத்துல கோட்டு எங்க இருந்துச்சு மேடம்? போட்டுக்கிட்டுத்தான் இருந்தாரா? கை ஒரு தடவைகூட அந்தப் பக்கம் படலையா?"

லென்ஸ் கண்ணாடியைக் கழற்றினாள். பொய் அவளுக்குப் பழக்கமில்லை.

"கழட்டிப் போட்டுட்டார்க்கா," என்றான் சில்லறை. அவன் குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. "கதவை நெம்பணும்ல. மூலையில எங்கயோ கிடந்துச்சு. அவங்ககிட்டேர்ந்து ரொம்ப தூரத்துல."

அவள் அவனையே பார்த்தாள். அவன் நல்லவன் என்று கண்டுகொண்ட மாதிரி ஒரு பார்வை. அவன் கையை லேசாகத் தொட்டாள்.

"லிஃப்டுல ஏதுப்பா தூரம்?" என்றாள்.